விட்டா நிக்கணும்

இல்லண்ணே, அத உள்ள வச்சிடுங்க. பெட்டியப் பிரிக்கவே வேணாம். நான் கேட்டது நட்டு கழட்டற மிஷின்தான், ஆனா அது லாரி வீலு கழட்டறவங்களுக்கு. நீங்க எடுத்து வைக்கும்போதே உங்க தோளு ஒரு பக்கம் சாயுது, நான் பாத்துட்டேன். அவ்வளவு பலம் எனக்கு வேணாம். டிராக்டருக்குப் பின்னாடி மாட்டி மண்ணக் கிளறற ரோட்டவேட்டர்ல பிளேடு மாத்தணும், அதுதான் முக்கியமான வேலை. மத்தபடி வீட்டுல கார் டயரு, கேட்டுக் கீலு, தண்ணித் தொட்டி நிக்கிற இரும்புச் சட்டம், இப்படி வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவ வர்றதுதான். அரை இஞ்ச்சு போதும். பத்தொம்போது நம்பர் நட்டும் இருபத்திரெண்டு நம்பர் நட்டும் கழட்டி மாட்டினா போதும். ஆமா, ஒயர் இல்லாததுதான். வயலுக்கு நடுவுல நின்னுக்கிட்டு ஒயர எங்க கொண்டு போய் சொருகறது?

அந்தக் கடிகாரம் சரியா ஓடுதாண்ணே? அஞ்சு நிமிஷம் முன்னாடி வச்சிருக்கீங்களா. அப்ப சரியா பதினொண்ணு. எனக்கு அர மணி நேரம்தான் இருக்கு. சும்மா அவசரப்படுத்தறேன்னு நினைக்காதீங்க. பழைய டிராக்டர் வாங்கி விக்கிற ஒருத்தரு, பதினொண்ணரைக்கு லாரிய எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்குக் கிளம்பறாரு. வந்தாருன்னா டிராக்டரையும் ரோட்டவேட்டரையும் சேத்து ஏத்திக்கிட்டுப் போயிடுவாரு. பேசி முடிச்சாச்சு. அவர் கிளம்பறதுக்கு முன்னாடி வேணாம்னு சொன்னா உண்டு. கிளம்பிட்ட ஆளத் திருப்பி அனுப்ப மாட்டாரு எங்க வீட்டுக்காரரு. வாக்குன்னா வாக்குதான், அதுல எல்லாம் ரொம்பக் கறாரு.

அதோ, எதிர்ல மருந்துக் கடை முன்னாடி வெள்ள வண்டி நிக்குதுல்ல, அதுல உக்காந்திருக்காரு பாருங்க. அவருதான். இல்லண்ணே, கூப்பிடாதீங்க. வர மாட்டாரு. நீ போயி எடுத்துட்டு வான்னு சொல்லிட்டாரு. நான் மிஷினோட வெளிய வந்தேன்னா அந்த ஆளுக்கு ஃபோன் பண்ணி வேணாம்னு சொல்லிடுவாரு. வெறுங்கையோட வந்தேன்னா வித்துடலாம். அவ்வளவுதான் பேச்சு. கோவமா எல்லாம் சொல்லல. காப்பியக் குடிச்சுக்கிட்டே, நாளைக்கு மழை வருமா வராதான்னு பேசற மாதிரி சொன்னாரு. கோவமா சொல்லியிருந்தா நானும் ரெண்டு பேசியிருப்பேன்.

டிராக்டர் போயிடுச்சுன்னா எங்களுக்கு வேற பொழப்பு ஒண்ணுமில்லண்ணே. எங்க நிலம் ரொம்பக் கொஞ்சம். அத வச்சு சாப்பிட முடியாது. சுத்துவட்டாரத்துல எல்லாரும் எங்க ரோட்டவேட்டரத்தான் கூப்பிடுவாங்க, அந்த வாடகைலதான் வண்டி ஓடுது. ரோட்டவேட்டர்னா பிளேடு தேயும். கல்லு பூமில ஓட்டினா சீக்கிரமே தேயும். மாத்தறதுக்கு ஆளக் கூப்பிட்டா இன்னைக்கு வரேன் நாளைக்கு வரேம்பாங்க, அதுக்குள்ள ஈரம் காஞ்சு போயிடும். உழவுக்குக் காத்துக்கிட்டிருந்தவரு அடுத்த ஆளக் கூப்பிட்டுக்குவாரு. போன ரெண்டு விதைப்புப் பட்டமா எங்களுக்கு இதே கதைதான். அதான் விக்கறதுன்னு முடிவு பண்ணாரு.

சரி, இத எடுங்க. ரெண்டாவது. இது எவ்வளவு கனம்? பேட்டரியோட சேத்தா. ரெண்டு கிலோவா. பரவாயில்ல. இது ஸ்க்ரூ அடிக்கிறது இல்லயே? கேட்டு வச்சுக்கணும்ல, எங்க கொழுந்தனாரு வீடியோல பாத்துட்டு போயி ஸ்க்ரூ அடிக்கிற மிஷின வாங்கிட்டு வந்து, கார் வீலு கழலலன்னு கம்பெனிக்காரனத் திட்டிக்கிட்டிருந்தாரு. முன்னால சதுரமா இருக்கணும், அதுல நட்டக் கவ்வற சாக்கெட்டு மாட்டணும், உள்ள சுத்தியால அடிக்கிற மாதிரி தட்டித் தட்டிச் சுத்தணும். அதுதானே இது? சரி.

இல்லண்ணே, நீங்களே ஓட்டிக் காட்டுங்க. நான் பாக்கறேன். என் கைல எண்ணெ இருக்கு, புது மிஷின அழுக்காக்க வேணாம். மேசையில இறுக்கிப் பிடிக்கிற அந்த வைஸ்ல இரும்புத் தகடு மாட்டி வச்சிருக்கீங்கல்ல, அதுல இருக்கற நட்டுல ஓட்டுங்க. இதுல மூணு வேகம் இருக்கா. கம்மில வைங்க. ம். இப்ப ஓட்டுங்க.

விடுங்க.

நின்னுடுச்சா? இன்னொரு தடவ. நான் விடுங்கன்னு சொன்ன உடனே விரல எடுக்கணும், நீங்களா யோசிச்சு எடுக்கக் கூடாது. ஓட்டுங்க. விடுங்க. ம். இப்ப வேகத்த ஏத்தி வைங்க. ஓட்டுங்க, நல்லா ஓடட்டும், ஓடட்டும், விடுங்க. சரி.

ஏன் இதையே பாக்கறேன்னா, எனக்கு இதுதாண்ணே முக்கியம். டார்க்கு, அதான் முறுக்கற பலம், அவ்வளவு, பேட்டரி இவ்வளவு, பிரஷ்ஷு இல்லாத மோட்டரு, நீங்க சொன்னது எல்லாம் புரியுது. நானும் ரெண்டு மாசமா படிச்சிருக்கேன். பிளேடு நட்டு இறுக்க அந்த முறுக்கு நூறு நூத்தம்பதுக்கு மேல தேவையில்ல, பழைய துருப்பிடிச்ச நட்டக் கழட்டறதுக்குத்தான் கூடுதலா வேணும், இதுல அது இருக்கு. எல்லாம் இருக்கு. ஆனா விட்டா நிக்கணும். விட்டதுக்கப்புறம் ஒரு சுத்து கூட சுத்தக் கூடாது.

அவருக்கா? அவருக்குன்னு நான் சொன்னேனா? நீங்களா நினைச்சுக்கிட்டீங்க. ஓட்டப் போறது நான்.

பாத்தீங்களா, சிரிப்பு வருது உங்களுக்கு. சிரிச்சுக்கோங்க, பரவாயில்ல. மிஷின் கடைக்கு ஒரு பொம்பள தனியா வந்தாலே இவளுக்கு மரை கழண்டுடுச்சோன்னுதான் பாக்கறாங்க. அந்த வண்டிய இங்க ஓட்டிக்கிட்டு வந்ததும் நான்தான். டிராக்டரும் ஓட்டுவேன். வரப்புல ஏத்தாம திருப்பறதுல அவரவிட நான் மேல், அவரே சொல்லுவாரு, யாரும் பக்கத்துல இல்லன்னா.

அவருக்குக் கை சரியில்லண்ணே. வலது கை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்ல. மோதிர விரல் இருக்கு, மடங்காது. சுண்டு விரலும் கட்டை விரலும்தான் வேலை செய்யுது. எட்டு மாசம் ஆகுது. இடது கை நல்லாருக்கு. அந்தக் கையில ஸ்பேனர் பிடிப்பாரு, நல்ல பிடி. ஆனா இந்த வேலைக்கு ரெண்டு பேரு வேணும்ல, ஒருத்தரு பிடிக்க, ஒருத்தரு ஓட்ட. அவர் பிடிப்பாரு, நான் ஓட்டணும். நீ ஓட்டறதா இருந்தா மிஷின் வாங்கலாம், இல்லன்னா வித்துட்டு நானும் எங்கயாவது வாட்ச்மேன் வேலைக்குப் போறேன்னாரு. நான் சரின்னுட்டேன். சரின்னு சொல்லிட்டு பதினாறு நாளா இந்தக் கடைக்கு வராம சாக்கு சொல்லிக்கிட்டிருந்தேன். ஒரு நாளு தலைவலி, ஒரு நாளு வண்டில காத்து இல்ல. இன்னைக்குத்தான் கடைசி நாள், வேற வழியில்லாம வந்துட்டேன்.

மூணாவதயும் காட்டுங்க. சின்னதா இருக்கே. கனம் கம்மி, கைக்கும் அடங்குது, ஆனா இது பத்தொம்போது நம்பர் நட்டு துருப்பிடிச்சிருந்தா கழட்டுமா? மெள்ளக் கழட்டும்கிறீங்க. மெள்ளக் கழட்டும்னா கழட்டாதுன்னு அர்த்தம். வியாபாரம் பண்றவங்க பாஷை எனக்குத் தெரியாதா. வேணாம், ரெண்டாவதே இருக்கட்டும். அந்தப் புல்லு வெட்டற மிஷின் இதே கம்பெனிதானே, அதுக்கும் இந்த பேட்டரி சேருமா? சேரும்னா நல்லது. பேட்டரி ரெண்டு குடுங்க. ஒண்ணு தீந்து போச்சுன்னா பாதி இறுக்கின பிளேட வச்சுக்கிட்டு உக்காந்திருக்கக் கூடாது.

மணி என்ன? பதினொண்ணு பத்து. நேரம் இருக்கு. அவர் இங்கதான் பாத்துக்கிட்டிருக்காரு இல்ல? உங்க கண்ணாடி வழியா உள்ள நடக்கறது எல்லாம் அவருக்குத் தெரியும். திரும்பிப் பாக்காதீங்க.

ஏண்ணே, என்ன பண்றீங்க? கைய எடுங்க. எடுங்கண்ணே. முதல்ல அந்த ஸ்பேனரக் கீழ வைங்க, அப்புறம் பேசலாம்.

மன்னிச்சுக்கோங்க. கத்திட்டேன். அங்க இருக்கறவங்க எல்லாம் திரும்பிப் பாக்கறாங்க. நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க, பின்னாடி போல்ட்டுத் தலைய நான் பிடிச்சுக்கறேன், நீங்க முன்னாடி நட்ட ஓட்டிப் பழகுங்கன்னு. வேணாம். யாரு கையும் பின்னாடி இருக்கக் கூடாது. இல்ல, ஒண்ணுமில்ல, தண்ணி வேணாம். சரி, குடுங்க, ஒரு வாய்.

இப்ப நீங்க பிடிச்ச மாதிரிதாண்ணே அவரும் பிடிச்சிருந்தாரு.

சொல்றேன். சொன்னாத்தான் நான் ஏன் இப்படிப் பைத்தியக்காரி மாதிரி பண்றேன்னு உங்களுக்குப் புரியும். அன்னைக்கு ஒரே நாள்ல மொத்த பிளேடும் மாத்தணும், மறுநாள் காலைல பெரிய உழவு ஒண்ணு இருந்துச்சு. எங்க பக்கத்துல ஒரு வெல்டர் இருக்காரு, அவர் கிட்ட இதே மாதிரி ஒரு பழைய மிஷின் இருக்கு. கேட்டோம், அவரே எடுத்துட்டு வந்து எப்படி ஓட்டறதுன்னு காட்டிட்டு, முடியற வரைக்கும் இருந்து பாத்துட்டுப் போறேன்னு அங்கயே நின்னாரு. பிளேட்டுக்கு இந்தப் பக்கம் போல்ட்டுத் தல, அந்தப் பக்கம் நட்டு. போல்ட்டுத் தலைய ரிங் ஸ்பேனரால ஒருத்தரு அசையாமப் பிடிக்கணும், இல்லன்னா நட்டோட சேந்து அதுவும் சுத்தும். பிடிக்கறதுதான் பலம் வேணும்கிற வேலை, அதனால அவர் பிடிச்சாரு. நான் நட்டுப் பக்கம் மிஷின வச்சு அமுக்கணும். அது சுலபம்னு என் கிட்ட குடுத்தாரு.

முக்காவாசி முடிஞ்சிருச்சு. கடைசி வரிசை. நட்டு இறுகிடுச்சு, இறுகினதுக்கு மேலயும் மிஷின் தட்டுது. இறுகின நட்டத் தட்டினா போல்ட்டும் சேந்து திரும்பும்ல, ஸ்பேனர் அவர் பிடிய மீறித் திரும்பிடுச்சு. ஸ்பேனருக்கும் பக்கத்து பிளேட்டுக்கும் நடுவுல அவர் கை. விடுன்னு கத்தினாரு. மிஷின் நிக்கல.

அந்தத் தண்ணிய இப்படிக் குடுங்க, இன்னொரு வாய்.

ஆஸ்பத்திரில டாக்டரு கேட்டதுக்கு, நானே தனியா செஞ்சேன், ஸ்பேனர் நழுவிடுச்சுன்னு சொன்னாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். என் பக்கம் திரும்பக் கூட இல்ல. சொந்தக்காரங்க கேட்டப்பதான் விவரமாச் சொன்னாரு. அதுவும் எப்படின்னு நினைக்கறீங்க, சிரிச்சுக்கிட்டே. கட்டுப் போட்ட கைய மார் மேல வச்சுக்கிட்டு, தப்பு என் வாயி மேலதான், இவ மேல இல்லன்னு. ஏன்னா அவரு எல்லாத்துக்கும் விடும்பாருண்ணே. தண்ணிய விடுன்னா நான் மோட்டரப் போடணும். வண்டிய பின்னாடி எடுக்கும்போது நின்னுக்கிட்டு விடு விடு விடும்பாரு, அப்ப நான் வந்துக்கிட்டே இருக்கணும். ஏணிய விடுன்னா கைய எடுக்கணும். வாக்குவாதத்துல விடுடீன்னா பேச்ச நிறுத்தணும். ஓட்டறதுக்கும் அந்த வார்த்தைதான், நிறுத்தறதுக்கும் அந்த வார்த்தைதான். நான் கைய விடுன்னு சொன்னேன், இவ ஓட்ட விடுன்னு எடுத்துக்கிட்டா, அவ என்ன பண்ணுவா பாவம்னு வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொன்னாரு. எல்லாரும் அடடான்னாங்க. எங்க மாமியாரு கூட என்ன ஒரு வார்த்தை சொல்லல. சொல்ற ஆளுதான் அவங்க, ஆனா சொல்லல.

அப்புறம் வெல்டரோட மிஷினையும் சேத்துக்கிட்டாங்க. பழசு, விட்டாலும் ரெண்டு சுத்து சுத்திட்டுத்தான் நிக்கும், அதனாலதான் இவ்வளவு ஆச்சுன்னு எங்க கொழுந்தனாரு கண்டுபிடிச்சாரு. வெல்டர் பாவம், அதுக்கு ஒண்ணும் பேசல. அன்னைக்குத் தன் வேட்டியக் கிழிச்சுத்தான் எங்க வீட்டுக்காரர் கைய சுத்தினாரு.

ஆஸ்பத்திரிலருந்து வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா எங்க வீட்டுக்காரர் ஒரு சட்டம் போட்டாரு. இனிமே எங்களுக்குள்ள விடுங்கற வார்த்தையே கிடையாது. நிறுத்தணும்னா நிறுத்து, ஓட்டணும்னா ஓட்டு. எனக்குப் பழக்கம் வரணும்னு பரிட்சை வேற வைப்பாரு. நான் அடுப்படில மிக்சி போட்டுக்கிட்டிருப்பேன், பூனை மாதிரி பின்னாடி வந்து நின்னுக்கிட்டு நிறுத்தும்பாரு. நான் அந்த நொடி நிறுத்தணும். முதல்ல எல்லாம் பதறிப் போயி மூடியத் தட்டி விட்டு செவுரெல்லாம் அரைச்சது தெறிச்சிருக்கு. அதத் தொடைக்கும்போது ரெண்டு பேரும் சிரிப்போம். இப்ப பழகிடுச்சு. அவரு நி-ன்னு ஆரம்பிக்கும்போதே என் கை சுவிட்சுல இருக்கும். தேறிட்டே, இனி மிஷின் வாங்கலாம்னாரு போன மாசம். அவரப் பொறுத்தவரைக்கும் கணக்கு சரியாப் போச்சு. வார்த்தை மாறிடுச்சு, மிஷின் புதுசு, அப்புறம் என்ன பயம்?

ஆனா எனக்கு இந்த மிஷின் சுவிட்சுக்கு விரல் போக மாட்டேங்குதுண்ணே. எண்ணெயும் இல்ல ஒண்ணும் இல்ல என் கைல. சும்மா சொன்னேன்.

மணி பதினொண்ணு இருபதா? அவர் கதவத் தொறக்கறாரா? இல்ல, கண்ணாடிய எறக்கறாரு. இங்கதான் பாக்கறாரு. என்ன பண்றா உள்ள இவ்வளவு நேரமான்னு நினைச்சிருப்பாரு. இல்ல, அப்படி நினைக்கற ஆளு இல்ல. காத்துக்கிட்டு இருக்காரு, அவ்வளவுதான்.

குடுங்க. என் கையில குடுங்க. நீங்க அந்தப் பக்கம் போயிடுங்க, மேசைக்குப் பின்னாடி. இன்னும் தள்ளி. ரெண்டு கையையும் மேசை மேல வைங்க, நான் பாக்கற மாதிரி. சிரிக்காதீங்கண்ணே, தயவு செஞ்சு. அந்த வைஸு நல்லா இறுக்கியிருக்கா? போல்ட்டுத் தலையையும் வைஸே பிடிச்சிருக்கா? பின்னாடி யாரும் வர மாட்டாங்களே?

எந்தப் பொத்தான் முன்னாடிக்கு? இதுவா. சரி. சாக்கெட்டு உக்காந்துடுச்சு.

முடியல. இருங்க.

நீங்க சொல்லுங்கண்ணே. ஓட்டுன்னு சொல்லுங்க. அப்புறம் உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்ப நிறுத்துன்னு சொல்லுங்க. நான் எதிர்பாக்காத நேரமா பாத்துச் சொல்லுங்க. ம்.

நின்னுடுச்சா? நான் உடனே விட்டேனா? நீங்க பாத்தீங்கல்ல, சும்மா எனக்காகச் சொல்லாதீங்க. இன்னொரு தடவ.

இன்னொரு தடவ.

ம். போதும். வாங்கிக்கோங்க. இதுதான். இதையே போட்டுடுங்க. சாக்கெட்டு கருப்பு கலர்ல வரும்ல, அடி தாங்கறது, அதுல பத்தொம்போதும் இருபத்திரெண்டும் ஒவ்வொண்ணு. பளபளன்னு இருக்கற சாக்கெட்டு வேணாம், இந்த மிஷின்ல போட்டா வெடிச்சு மூஞ்சில தெறிக்கும்னு படிச்சேன். அப்புறம் நீளமான பிடி இருக்கற ஸ்பேனர் ஒண்ணு. இருக்கறதுலயே நீளமானது. பிடிக்கிற கை பிளேட்டுலருந்து எட்ட இருக்கணும். அதோட ஸ்பேனர் திரும்பினா கைக்குப் பதிலா ரோட்டவேட்டர் சட்டத்துல போயி முட்டற மாதிரி முன்கூட்டியே சாச்சு வச்சுக்கணும். இத அன்னைக்கே செஞ்சிருக்கலாம். ரெண்டு நிமிஷ வேலை.

அங்க பாருங்கண்ணே. ஃபோன எடுத்துட்டாரு. இடது கையால காதுல வச்சிருக்காரு. நான் ஓட்டினதப் பாத்துட்டாரு. அந்த ஆளுக்குத்தான் பேசறாரு, வர வேணாம்னு. தலைய ஆட்டறாரு பாருங்க, எதிர்ல ஆள் இருக்கற மாதிரி. முடிஞ்சுது. டிராக்டர் தப்பிச்சுது.

அழல. நான் எதுக்கு அழணும். நல்ல விஷயம்தானே நடந்திருக்கு.

இறங்கிட்டாரு. இங்கதான் வர்றாரு. ரோட்டுல வண்டி போயிக்கிட்டே இருக்கு, நிக்கறாரு. வாரண்டி கார்டுல சீல் மட்டும் போட்டுக் குடுங்க, மத்தத வீட்டுல எழுதிக்கறேன்.

எல்லாரும் இதத்தாண்ணே சொல்றாங்க. நீங்களும் சொல்லிட்டீங்க. உங்க மேல தப்பில்ல, வார்த்தை குழம்பிடுச்சு, பழைய மிஷினு, விதி. கேக்க நல்லாத்தான் இருக்கு. எட்டு மாசமா கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்.

உங்கள மறுபடி எப்ப பாக்கப் போறேன். சொல்லிடறேன். அவர் வர்றதுக்குள்ள.

வார்த்தை குழம்பலண்ணே. இருபத்தோரு வருஷம் ஒருத்தரோட குடித்தனம் பண்ணவளுக்கு எந்த விடு எதுக்குன்னு தெரியாதா? இன்னொரு விடு இருக்கு, அத மட்டும் நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. நான் எத எடுத்தாலும், விடு, நான் பாத்துக்கறேம்பாரு. திட்டு இல்ல அது. பாசம்தான்னு வச்சுக்கோங்க. ஆனா கையில இருக்கறதப் பிடுங்கிடுவாரு. அன்னைக்குக் காலைலருந்து மூணு தடவ சொல்லிட்டாரு, அந்த வெல்டரு முன்னாடி. பிளேட வரிசையா அடுக்கினேன், விடு நான் பாத்துக்கறேன்னாரு. இடது பிளேடு எது வலது பிளேடு எதுன்னு பிரிச்சேன், அதுக்கும் விடு. வெல்டரு வேற பக்கம் பாக்கற மாதிரி நின்னாரு, அதுதான் எனக்கு ரொம்ப சுருக்குனு இருந்துச்சு. கடைசி வரிசை வரும்போது எனக்கு வைராக்கியமா வந்துடுச்சு. இந்த நட்டயாவது நான் முழுசா இறுக்கி முடிப்பேன், அவரு என்ன சொன்னாலும் பாதில குடுக்க மாட்டேன்னு.

அப்பத்தான் கத்தினாரு. அது அந்த விடு இல்லன்னு எனக்குத் தெரிஞ்சுதுண்ணே. வலி தெரிஞ்சுது அந்தக் குரல்ல. நல்லாக் கேட்டுச்சு, அர்த்தமும் புரிஞ்சுது. ஆனா வைராக்கியம் விரல்ல இருந்துச்சு. எவ்வளவு நேரம் இருக்கும், நீங்க இப்ப ஒரு தடவ கண்ண சிமிட்டினீங்கல்ல, அவ்வளவுதான்.

அவருக்குத் தெரியுமான்னா? தெரியல. தெரியாமத்தான் மறுபடி என் கையில குடுக்கறாரா, தெரிஞ்சுக்கிட்டே குடுக்கறாரான்னு நானும் கேட்டுப் பாக்கல. நாளைக்குக் காலைல எனக்கு எதிர்ல உக்காந்து அந்த இடது கையால ஸ்பேனரப் பிடிப்பாரு.

ரோட்ட தாண்டிட்டாரு. சிரிச்சுக்கிட்டே வர்றாரு பாருங்க. பில்லையும் பெட்டிக்குள்ளயே போட்டுடுங்க. அந்த வெல்டர் கிட்ட போன வாரம் போயி, அந்தப் பழைய மிஷின ஓட்டச் சொல்லிப் பாத்தேண்ணே. அதுவும் விட்ட உடனே நின்னுச்சு. நான்தான் விடல.